வண்டியை எடுத்தாலே தும்மலா?

தூசி, புகை, ஏசி குளிர்... அன்றாடப் பயணத்தில் மூக்கு படும் பாடும், அதைக் காக்கும் வழிகளும்

காலை 8:40 மணி. பல்லாவரம் சிக்னல். என் பைக்குக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி, இடது பக்கம் மாநகரப் பேருந்து, வலது பக்கம் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர். அதன் மேல் விரித்த தார்ப்பாய் பாதியோடு நிற்கிறது. பச்சை விழுந்ததும் எல்லா வண்டிகளும் ஒன்றாக உறுமிக் கிளம்புகின்றன. புகையும் மணலும் கலந்த சூடான காற்று ஹெல்மெட்டுக்குள் நுழைகிறது. மூக்கின் உச்சியில் எறும்பு ஊர்வது போல ஒரு நமைச்சல். அடுத்த நொடி தும்மல். ஒன்றோடு நிற்பதில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று அடுக்கடுக்காக வருகிறது.

தும்மும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். ஏறக்குறைய ஒரு பேருந்தின் நீளம். அவ்வளவு தூரத்தை நெரிசலான ஜி.எஸ்.டி. சாலையில் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறோம் என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

குரோம்பேட்டையில் வீடு, நுங்கம்பாக்கத்தில் வேலை. பதினாறு ஆண்டுகளாக இதே சாலை, இதே தும்மல். அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவி, வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பேன். துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். அடுப்புக்கரியைத் தொட்டு விரலால் இழுத்த மாதிரி இருக்கும். மூக்கில் நின்றது இவ்வளவு என்றால், மூக்கைத் தாண்டி உள்ளே போனது எவ்வளவு?

"எனக்கு டஸ்ட் ஒத்துக்காது", "சைனஸ் தொல்லை", "காலையில எழுந்தா பத்துத் தும்மல்." மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் அலுவலக கேன்டீனிலும் தினமும் காதில் விழும் பேச்சு இது. சொல்கிறோம், சொல்லிவிட்டு அப்படியே பழகிக்கொள்கிறோம். பழகிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது சளி இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூக்கு ஒழுகினால் நம் ஊரில் உடனே "சளி பிடிச்சிருக்கு" என்போம். சளி, அதாவது ஜலதோஷம், வைரஸால் வருவது. தொண்டை கரகரக்கும், உடம்பு வலிக்கும், காய்ச்சல் எட்டிப் பார்க்கும். ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கிவிடும்.

ஒவ்வாமை அப்படி இல்லை. காய்ச்சல் வராது. மூக்கில் பச்சைத் தண்ணீர் போல ஒழுகும். மூக்கு, கண், மேலண்ணம், சிலருக்குக் காதின் உட்புறம்கூட நமைக்கும். தும்மல் சரம் சரமாக வரும். தூசியில் போனால் வரும், விலகினால் குறையும், மறுநாள் போனால் மறுபடி வரும். மாதத்தில் இருபது நாள் சளி என்று ஒருவர் சொன்னால், அது சளியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் 1819இல் தன் சொந்த மூக்கும் கண்ணும் படும் அவதியை மருத்துவக் குறிப்பாக எழுதி வைத்தார். 'வைக்கோல் காய்ச்சல்' (ஹே ஃபீவர்) எனப்படும் மகரந்த ஒவ்வாமை பற்றிய தெளிவான முதல் பதிவாக அதைச் சொல்கிறார்கள். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் க்ளெமென்ஸ் வான் பிர்க்கே. நம் சித்த மருத்துவத்தில் மூக்கு நோய்களுக்குப் பீனிசம் என்று தனிப் பெயரே உண்டு. தொல்லை பழையது. அதன் மேல் டீசல் புகையும் கட்டுமானத் தூசியும் ஏறியதுதான் புதியது.

வாசலில் நிற்கும் காவலாளி

நாம் ஒரு நாளில் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்றை இழுத்து விடுகிறோம். அத்தனையையும் சூடாக்கி, ஈரப்படுத்தி, வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை. வாசலில் இருக்கும் முடிகள் பெரிய தூசியைத் தடுக்கும். அதைத் தாண்டியதைக் கோழைப்படலம் ஒட்டவைத்துப் பிடிக்கும். அந்தப் படலத்தின் அடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நாற்று வயலில் காற்று அடித்தாற்போல ஓயாமல் அசைந்து, அழுக்கைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தக் காவலாளி ஆளை மாற்றிப் பிடிக்கிறான். மகரந்தத்தையும் தூசிப்பூச்சியின் கழிவையும் எதிரி என்று நினைத்து, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உடல் தயாரித்து வைத்திருக்கிறது. மூக்கின் சவ்வில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் அது காத்திருக்கும். அந்தப் பொருள் வந்து ஒட்டியதும் செல் தனக்குள் வைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். நரம்பைத் தொட்டால் தும்மல், சுரப்பியைத் தொட்டால் ஒழுகல், ரத்தக்குழாயை விரித்தால் அடைப்பு. இவ்வளவும் சில நிமிடங்களில் நடந்துவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு கட்டமும் உண்டு. காலையில் பட்ட தூசிக்கு நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். இந்த முறை தும்மல் குறைவு, வீக்கமும் அடைப்பும் அதிகம். காலை ஒன்பது மணிச் சாலைக்கு மூக்கு மாலை நான்கு மணிக்குப் பதில் சொல்கிறது. மாலை ஆறு மணிச் சாலைக்கு நள்ளிரவில் பதில் சொல்கிறது. ராத்திரி வாயால் மூச்சு விட்டுப் படுத்து, நாக்கு வறண்டு எழுந்திருப்பதற்கு இதுவும் காரணம்.

தினமும் தூசியில் அடிபடும் மூக்குக்குத் தாங்கும் எல்லையும் இறங்கிக்கொண்டே போகும். திங்கட்கிழமை கைப்பிடித் தூசி செய்ததை வெள்ளிக்கிழமை ஒரு சிட்டிகை செய்துவிடும். வாரக் கடைசியில் தொல்லை கூடுகிறது என்று சிலர் சொல்வது மனப்பிரமை இல்லை.

சாலையில் என்னதான் இருக்கிறது?

வண்டிப் புகை மட்டும் என்று நினைக்க வேண்டாம். டயர் தேய்ந்த துகள், பிரேக் கட்டை தேய்ந்த துகள், சாலையே தேய்ந்த துகள், சிமென்ட், எம்-சாண்ட், ஓரத்தில் எரியும் குப்பை எல்லாம் சேர்ந்ததுதான் சாலைத் தூசி. சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி மூன்று வழித்தடங்களில் நடக்கிறது. வேலை முடிந்தால் பல ஆயிரம் வண்டிகள் சாலையை விட்டு இறங்கும். அதுவரை தடுப்புத் தகரங்களுக்கு நடுவே ஊர்ந்து போகிறவர்களின் மூக்குக்கு ஓய்வில்லை.

இவற்றில் மிக நுண்ணியவை பிஎம் 2.5 எனப்படும் துகள்கள். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இவை மூக்கின் வலையில் சிக்காமல் நுரையீரல் வரை போய்விடும். காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியாவின் அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு வெறும் 5. நம் நாட்டுக் கணக்கில் தேறிய காற்றும் நுரையீரல் கணக்கில் தேறிவிட்டதாக அர்த்தமில்லை.

டீசல் புகை தனியாக நின்று எரிச்சல் மூட்டுவதோடு விடுவதில்லை. மகரந்தத்தோடு சேர்ந்தால் ஒவ்வாமையையே வளர்க்கிறது. ஜப்பானின் நிக்கோ பகுதியில் நெடுஞ்சாலையின் இருபுறமும் சுகி என்ற மரங்கள் வரிசையாக நிற்கும். அங்கே நடந்த ஆய்வு ஒன்று 1987இல் வெளியானது. வண்டி அதிகம் ஓடும் சாலையோர மக்களுக்கு, வண்டி குறைவாக ஓடும் சுகிக் காட்டுப் பகுதி மக்களைவிட மகரந்த ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. மரம் ஒன்றுதான், புகைதான் வித்தியாசம். பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித மூக்கிலேயே சோதித்து, டீசல் துகள் ஐஜிஇ உற்பத்தியைத் தூண்டுவதைக் காட்டினார்கள்.

நம் ஊரில் சுகி இல்லை. ஆனால் சாலையோரமெங்கும் சீமைக்கருவேலம் இருக்கிறது. கடற்கரையோரம் சவுக்கு, காலி மனைகளில் பார்த்தீனியம், மழை விட்டதும் தலைகாட்டும் புல். இவற்றின் மகரந்தம் டீசல் புகையோடு கலந்துதான் நம் மூக்குக்கு வருகிறது.

மார்கழி, தை மாதங்களில் இன்னொரு சங்கடம். விடியற்காலைக் குளிரில் தரையோரக் காற்று மேலே எழும்பாமல் அப்படியே தங்கிவிடும். புகையும் அதோடு தங்கும். 2018 போகிப் பண்டிகையன்று சென்னையில் எரித்த பழைய பொருட்களின் புகை பனியோடு கலந்து, விமானங்களே நேரத்துக்கு இறங்க முடியாமல் தவித்தது நினைவிருக்கலாம். விமானத்துக்கே அந்த நிலை என்றால் பைக்கில் போனவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வாமையா, வெறும் எரிச்சலா?

எல்லாத் தும்மலும் ஒவ்வாமை இல்லை. சிலருக்கு ஐஜிஇ தொடர்பே இருக்காது. புகை, ஊதுபத்தி, சென்ட், பெயின்ட் வாசனை, திடீர்க் குளிர்காற்று பட்டால் மூக்கு நரம்புகள் பதறி ஒழுகவும் அடைக்கவும் தொடங்கும். வெளியே 38 டிகிரி வெயிலில் நின்றுவிட்டு ஏசி பேருந்தில் ஏறியதும் மூக்கு ஒழுகுவது இந்த வகை. காரமான பஜ்ஜி தின்னும்போது ஒழுகுவதும் இதற்கு உறவுதான்.

எப்படிப் பிரித்தறிவது? கண் நமைச்சலும் மேலண்ண நமைச்சலும் சேர்ந்திருந்தால், வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ கரப்பானோ இருந்தால், சிறு வயதிலேயே தொடங்கியிருந்தால் ஒவ்வாமை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். நமைச்சல் இல்லாமல் ஒழுகலும் அடைப்பும் மட்டும் இருந்தால், அதுவும் முப்பது வயதுக்கு மேல் தொடங்கியிருந்தால், எரிச்சல் வகையாக இருக்கலாம். இரண்டும் கலந்து இருப்பவர்களும் உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் முன்கையில் சிறு துளிகள் வைத்துச் செய்யும் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ இருக்கிறது. எது ஆகாது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விலக்கி வாழ்வது வீண் தண்டனை.

அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: எந்த வழியில் போனீர்கள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் தும்மல் தொடங்கியது, வாகனத்துக்குள் என்ன வாசனை இருந்தது. நான் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது, என் தும்மலில் பாதி சாலையில் தொடங்கவே இல்லை. வீட்டு வாசலில், ஹெல்மெட்டை மாட்டிய கணத்தில் தொடங்கியது.

வண்டிக்கு ஒரு வழி

*இருசக்கர வாகனம்:* ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள்? வியர்வையும் தூசியும் பூஞ்சையும் ஊறிய அந்தப் பஞ்சைத்தான் தினமும் மூக்கோடு ஒட்டி வைத்துக்கொள்கிறோம். கழற்றக்கூடிய பஞ்சாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டும், இறக்கிவிட்ட கண்ணாடியும் தூசியை ஓரளவு தடுக்கும். உள்ளே மாஸ்க் போட்டால் இன்னும் நல்லது. கைக்குட்டையும் துப்பட்டாவும் பெரிய தூசியை மட்டும் நிறுத்தும், நுண்துகளுக்கு அவை சல்லடை. என்-95 மாஸ்க் சரியாகப் பொருந்தினால், 0.3 மைக்ரான் துகள்களில்கூட குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். தாடியோ தளர்ந்த நாடாவோ இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. துகளைத் தடுக்கும் மாஸ்க் வாசனையையும் வாயுவையும் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சிக்னலில் லாரியின் புகைக்குழாய்க்குப் பின்னால் போய் ஒட்டி நிற்காதீர்கள். நாலடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். பிரதான சாலைக்கு இணையாக உள்தெரு இருந்தால், ஐந்து நிமிடம் கூடினாலும் அதில் போங்கள். பிரதான சாலையிலிருந்து ஒரு தெரு தள்ளினாலே புகை கணிசமாகக் குறையும். தும்மல் வரும் என்று தோன்றினால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஆபீசுக்கு இரண்டு நிமிடம் தாமதமானால் பரவாயில்லை.

*பேருந்து, ரயில்:* நிறுத்தத்தில் பேருந்தின் பின்பக்கம் நிற்பதைத் தவிருங்கள். படியோரத்திலும் ரயிலின் வாசலிலும் தூசி நேராக அடிக்கும், உள்ளே தள்ளி நிற்பது உயிருக்கும் நல்லது, மூக்குக்கும் நல்லது. ஏசி பேருந்திலும் ரயிலிலும் குளிர்காற்று வரும் துளை முகத்துக்கு நேராக இல்லாத இருக்கையைத் தேடுங்கள். வெயிலிலிருந்து நேரே ஏறாமல் நிழலில் இரண்டு நிமிடம் நின்று ஏறினால் மூக்கு பதறாது. கூட்டத்தில் அடுத்தவரின் சென்ட் வாசனை தாங்காவிட்டால், சங்கடப்படாமல் இடம் மாறி நில்லுங்கள்.

*கார், டாக்ஸி:* ஏசியைப் போட்டதும் முதலில் வரும் காற்றில் ஏசிக் குழாயில் தங்கிய பூஞ்சையும் தூசியும் இருக்கும். கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட விட்டு, பிறகு ஏற்றுங்கள். நெரிசலில் உள்காற்றையே சுழற்றும் பொத்தானைப் போடுங்கள். நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றும் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஏசி ஃபில்டரை சர்வீஸின்போது எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கறுத்துப்போன ஃபில்டரைப் பார்த்தால் நீங்களே மாற்றச் சொல்வீர்கள். டாஷ்போர்டில் தொங்கும் வாசனை பாட்டில் வேண்டாம். டாக்ஸியில் இருந்தால், "அண்ணா, எனக்கு அலர்ஜி, இதைக் கொஞ்சம் எடுத்து வைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் எடுத்துவைத்துவிடுவார்கள்.

*எல்லோருக்கும்:* கிளம்பும் முன் மூக்குத் துளையின் ஓரத்தில் மெலிதாக வாஸ்லைன் தடவினால் மகரந்தமும் தூசியும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வீடு திரும்பியதும் சாலை உடையோடு படுக்கையில் உட்காராதீர்கள். உடை மாற்றி, முகம் கழுவி, முடிந்தால் தலைக்கும் ஊற்றிக்கொள்ளுங்கள். தலைமுடியில் ஒட்டிய சாலைத் தூசி தலையணைக்குப் போனால், ராத்திரி முழுக்க அதே சாலையில் படுத்திருப்பதற்குச் சமம். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவையுங்கள். தூசிப்பூச்சி வெந்நீருக்குத்தான் சாகும். இரவில் அமைதியாக இருந்த மூக்கு காலைச் சாலையைத் தாங்கும் பலத்தோடு எழுந்திருக்கும்.

உப்புத் தண்ணீரின் மகிமை

செலவு குறைவு, பலன் அதிகம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதைச் சொல்வேன். யோகப் பயிற்சியில் ஜலநேதி என்று பல தலைமுறைகளாகச் செய்வதைத்தான் இன்றைய காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களும் பரிந்துரைக்கிறார்கள். மாலையில் வீடு வந்ததும் ஒருமுறை கழுவினால், ஒட்டிய தூசியும் மகரந்தமும் ஹிஸ்டமின் நிறைந்த கோழையும் சேர்ந்து வெளியேறும். இரவில் வரும் அந்த இரண்டாவது அலையின் வேகம் தணியும்.

அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு வெதுவெதுப்பாக ஆற வையுங்கள். முக்கால் டீஸ்பூன் தூய உப்பு, அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்துக் கரையுங்கள். அளந்து கலக்கத் தயக்கமாக இருந்தால் மருந்துக் கடையில் அளவான பொடியும் பாட்டிலும் கிடைக்கின்றன. முன்பக்கம் குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் பக்கத் துளையில் மெதுவாகச் செலுத்துங்கள். கீழ்ப் பக்கத் துளை வழியே வந்துவிடும். பிறகு மெதுவாகச் சிந்துங்கள், அழுத்திச் சிந்தினால் காதுக்குள் போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கின் வழியேதான் நுழையும். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்குக் கழுவிய இரண்டு பேர் அதனால் இறந்திருக்கிறார்கள். அண்டை மாநிலமான கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் உயிர்களைப் பறித்த செய்தியையும் படித்திருப்பீர்கள்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குக் கொஞ்ச நேரம் இதம் தரும். ஒவ்வாமையை அது குணமாக்காது. சிறு குழந்தைகளைப் போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்கார வைப்பது ஆபத்து. வெந்நீர் கொட்டிப் புண்ணாகும் விபத்துகள் நேர்வது அப்படித்தான்.

மருந்துக் கடையில் செய்யும் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். போட்ட ஐந்தாவது நிமிடம் மூக்கு திறந்துகொண்டது. அன்றிலிருந்து காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, பிறகு சிக்னலில் நிற்கும்போதும். அப்புறம் அது இல்லாமல் தூங்கவே முடியவில்லை. கடைசியில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போனேன்.

"சொட்டு எத்தனை நாளா போடறீங்க?"

"ஆறு மாசமா, டாக்டர்."

"அப்படின்னா இப்ப உங்க மூக்கை அடைக்கிறது தூசி இல்லை சார். இந்தச் சொட்டுதான்."

ஜைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டுகள் ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பைத் திறப்பவை. சில நாட்களுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிந்துகொள்ளும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பொது விதி. நான் மீண்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இரண்டாவது தவறு, "சளி மாத்திரை." இவற்றில் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற பழைய தலைமுறை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து இருக்கிறது. தும்மலை நிறுத்தும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். இரவில் போட்டாலும் மறுநாள் காலை வரை மந்தம் நீளும். அந்த மந்தத்தோடு வண்டி ஓட்டுவது தும்மலோடு ஓட்டுவதைவிட ஆபத்து. செட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின் போன்றவற்றில் தூக்கம் மிகக் குறைவு. வண்டி ஓட்டுகிறவர்கள், இயந்திரத்தில் வேலை செய்கிறவர்கள் இதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அடைப்புக்கென்று சளி மாத்திரைகளில் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின், வாய்வழியே சாப்பிட்டால் அடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொன்னது.

மூன்றாவது தவறு, தைல இன்ஹேலரை நம்பியே காலம் தள்ளுவது. மென்தால் மூக்கின் குளிர் நரம்புகளைத் தொட்டு, திறந்துவிட்டது போன்ற உணர்வைத் தருகிறது. வீக்கம் அப்படியேதான் இருக்கும்.

ஸ்ப்ரேயும் அடிக்கும் முறையும்

அடிக்கடி வரும் ஒவ்வாமைக்கு மருத்துவர்கள் முதலில் நம்புவது ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயைத்தான். ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசொனைடு என்ற பெயர்களில் கிடைக்கின்றன. "ஸ்டீராய்டு" என்றதும் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் பலர். மூக்கில் அடிக்கும் அளவு மிகச் சிறியது. ரத்தத்தில் கலப்பது அதைவிடக் குறைவு. மருத்துவர் சொன்ன அளவில், அவர் பார்வையில் பயன்படுத்தினால் பயப்பட வேண்டாம்.

இது சொட்டு மருந்து போல ஐந்து நிமிடத்தில் வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். தும்மல் வந்தால் அடிப்பது, வராவிட்டால் விடுவது என்று இருந்தால் பயனில்லை. பல் தேய்ப்பது போலத் தினமும் அடிக்க வேண்டும்.

அடிக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். தலையை அண்ணாந்து பார்க்காமல் சற்று முன்னால் குனியுங்கள். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. அப்போதுதான் முனை நடுத்தண்டைக் குத்தாமல் வெளிச்சுவரை, அதே பக்கக் கண்ணின் ஓரத்தை நோக்கி இருக்கும். மெதுவாக மூச்சை இழுத்தபடி அழுத்துங்கள். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். கசந்தால் முறை தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். "ஸ்ப்ரே எனக்குச் சரிப்படலை" என்று சொல்கிறவர்களில் பலருக்குச் சரிப்படாதது மருந்து இல்லை, அடித்த முறை.

இவ்வளவுக்கும் அடங்காதவர்களுக்கு ஒவ்வாமைத் தடுப்பு சிகிச்சை இருக்கிறது. ஒத்துக்கொள்ளாத பொருளையே மிகச் சிறிய அளவில் ஊசியாகவோ நாக்கடியிலோ கொடுத்து, உடலைப் பழக்குவது. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் தொடங்கிய வழி இது. மூன்று ஆண்டுகளாவது பொறுமை வேண்டும். மூக்கு ஒவ்வாமையின் வேரைத் தொடும் சிகிச்சை இதுதான்.

பள்ளி வேனில் இருக்கும் குழந்தை

குழந்தைகள் "மூக்கு அடைக்குது" என்று சொல்வதில்லை. உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்ப்பார்கள். நாளடைவில் மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு விழும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கும். வாயைத் திறந்தே தூங்குவார்கள், வகுப்பில் கவனம் சிதறும். "படிக்க மாட்டேங்கிறான்" என்று அதட்டும் முன், பிள்ளையின் மூக்கை ஒருமுறை பாருங்கள். பள்ளி வேனின் இருக்கைகளைத் தூசி தட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அந்த வேனில் ஏறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மூக்கு ஒவ்வாமையும் உண்டு. மூக்கைக் கவனிக்காமல் விட்டால் மூச்சிரைப்பும் கட்டுக்கு வராது.

உடனே மருத்துவரைப் பாருங்கள்

● மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் சத்தம், இரவில் இருமல்
● ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடைப்பு அல்லது ரத்தம்
● ஒரு பக்கத் துளையில் மட்டும் தெளிந்த நீர் ஒழுகுவது, குறிப்பாகத் தலையில் அடிபட்ட பிறகு
● கெட்ட வாடையோடு கெட்டியான சளி, முகவலி, காய்ச்சல்
● வாசனையே தெரியாமல் போவது
● வாரத்தில் நான்கு நாளுக்கு மேல், தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் தொல்லை

கர்ப்பிணிகள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சளி மாத்திரையும் வாங்கக் கூடாது

மாஸ்க் போட்டால் மட்டும் போதுமா?

போதாது. நாம் எவ்வளவுதான் மூக்கைக் காத்தாலும், தார்ப்பாய் மூடாத டிப்பர் நமக்கு முன்னால் போகிறது. கட்டுமான இடங்களில் மணலையும் மண்ணையும் மூடிவைக்க வேண்டும், காற்றுத் தடுப்பு கட்ட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், பொருள் ஏற்றிய வண்டியை மூடாமல் ஓட்டக் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியிலேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. காற்றில் துகள் வரம்பு மீறும் நகரங்களுக்கு அது பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை அளவுகோல் கட்டாயம். விதி இருக்கிறது, சாலையில் நடைமுறைதான் இல்லை.

நாள் முழுக்கச் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், உணவு கொண்டுவரும் பையன் ஆகியோருக்கு உள்தெரு வழியும் இல்லை, ஏற்றிவிட கார்க் கண்ணாடியும் இல்லை. அவர்களுக்கு நல்ல மாஸ்க்கும், ஆண்டுக்கு ஒருமுறை மூச்சுப் பரிசோதனையும் தர வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை.

நம் பங்கும் இருக்கிறது. சிக்னலில் இன்ஜினை அணைப்போம். வண்டியின் புகைச் சான்றிதழை உண்மையாகவே சோதித்து வாங்குவோம். குப்பையை எரிப்பவரிடம் நேரில் பேசுவோம். மூடாத லாரியையும் தண்ணீர் தெளிக்காத கட்டுமானத்தையும் படம் பிடித்து மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் புகார் செய்வோம். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாமல் இருப்போம்.

இப்போதும் அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் போகிறேன். ஹெல்மெட் பஞ்சு துவைத்தது, மாஸ்க் சரியாகப் பொருந்தியது, ஸ்ப்ரே தினமும் காலையில், உப்புத் தண்ணீர் தினமும் மாலையில். தும்மல் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் சிக்னலில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டிய நாட்கள் முடிந்தன. கைக்குட்டையில் விழும் கறுப்புக் கோடும் மங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் "எனக்கு டஸ்ட் ஒத்துக்காது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போய் வருகிற ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.